சோத்தாங்கைப் பக்கம்

காத்திவாக்கம்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள மகள் நர்மதாவுக்கு,

உன் நைனா எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை. முழுக்க நானே எழுதுகிறேன். இந்த மூன்று வரி முடிவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள சர்ச் ஹாலில் மாலை வகுப்புக்குப் போகிறேன். ஜூடி என்று ஒரு டீச்சர். உன் வயதுதான் இருக்கும். தப்பாக எழுதினால் திட்டமாட்டார், சிரிப்பார். அது திட்டுவதைவிட மோசம். இப்போது நான் எல்லாவற்றையும் படிக்கிறேன். பஸ் போர்டு, பிஸ்கட் கவர், மருந்துக் கடைப் பலகை, டிரைலர் லாரி முதுகில் எழுதியிருப்பது. இத்தனை வருஷமாக இந்தச் சாலையில் இவ்வளவு பேச்சு நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாமலே போயிற்று.

பொங்கலிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. காரணம் எனக்குத் தெரியும். படகில் இருந்த என் பங்கை விற்றுவிட்டு இந்தப் பழைய காரை வாங்கினேன். இந்த வயதில் வேண்டாம் என்று நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. போனில் பேசினால் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் வராது என்று நினைக்கிறேன். ஒரு வார்த்தை எழுதி முடிப்பதற்குள் என் கோபம் போய்விடுகிறது.

காரை நான் ஊர் சுற்ற வைத்திருக்கவில்லை. மளிகைக்கடை தவசிமுத்து அண்ணாச்சிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் ராயபுரத்துக்கு டயாலிசிஸுக்குப் போகவேண்டும். ஆம்புலன்ஸ் வாராவாரம் வராது. ஆட்டோவில் போனால் டிரைலர் புழுதியும் குலுக்கலும் சேர்ந்து அவரைத் துணி மாதிரி பிழிந்துவிடுகின்றன. அவர் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். அவர் மனைவி ஜானட் அம்மாவுக்கு முட்டி வலி. ஆகவே நான் ஓட்டுகிறேன்.

வெயில் இப்போதே தாங்க முடியவில்லை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கின்றன. சேலத்தில் வெயில் எப்படி? ஆஸ்பத்திரியில் உனக்குச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறதா?

இப்படிக்கு,
உன் நைனா மனோகரன்
(கையெழுத்தும் நானே போட்டது. கைநாட்டு இல்லை.)



சேலம்
28 ஏப்ரல்

நைனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கவரின் மேல் இருந்த எழுத்தைப் பார்த்து ஏதோ சின்னப் பிள்ளை எழுதியது, முகவரி மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன். பிரித்துப் படித்தபிறகு கூட வேலை செய்யும் நர்ஸ்களிடம் காட்டினேன். எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

இப்போதுதான் டியூட்டி முடிந்தது. காலை ஊன்ற முடியவில்லை. இந்த மாதம் எங்கள் அவசரப் பிரிவில் கட்டில் காலியாக இருந்ததே இல்லை. கோடை லீவு விட்டதும் குடும்பம் குடும்பமாகக் காரில் கிளம்புகிறார்கள். நாங்கள் ஸ்ட்ரெச்சரோடு வாசலில் நிற்கிறோம்.

முந்தாநாள் பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. டயர் வெடித்துவிட்டது. பார்க்கப் புதிது மாதிரி இருந்ததாம், ரப்பர் மட்டும் பழசு. கொதிக்கிற தாரில் வேகமாக ஓட்டி, காற்றும் அதிகமாக அடைத்திருக்கிறார்கள். ஓட்டிய மனிதருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பின் சீட்டில் பெல்ட் போடாமல் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய அம்மாவைத்தான் நான் கழுவித் துடைத்து வெள்ளைத் துணியில் சுற்றினேன். அந்த மகன் என்னிடம் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடிக்கவில்லை, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

நேற்று இன்னொருவர். மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் போய் அப்படியே சொருகிவிட்டார். லாரி நின்றது தெரியவில்லை, தூங்கவும் இல்லை என்கிறார். தூங்கியவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், நைனா.

உங்கள் சாலையில் எத்தனை டிரைலர் ஓரமாக நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்தச் சாலையில் வளர்ந்தவள்தானே நான். அம்மா போனபிறகு எனக்கு நீங்கள் ஒருவர்தான். அண்ணாச்சிக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள். சாவியை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

நர்மதா

போனில் சொன்னால் 'சரிம்மா' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவீர்கள். அதனால்தான் நானும் எழுதுகிறேன். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் படிக்கலாம்.



காத்திவாக்கம்
5 மே

அன்புள்ள நர்மதா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் முறை எழுத்துக் கூட்டி. இரண்டாம் முறை அர்த்தத்துக்காக. மற்ற இரண்டு முறையும், மகளிடமிருந்து வந்த கடிதத்தை நானே படிக்கிறேன் என்பதற்காக. பின் சீட்டில் இருந்த அந்த அம்மாவைப் பற்றிய இடத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் நின்றுவிட்டேன்.

நீ எழுதியதை எல்லாம் செய்துவிட்டேன். டயர் கடைக்குப் போய் நான்கையும் காட்டினேன். இரண்டு பழையது என்றார்கள், மாற்றியாயிற்று. காற்றைக் காலையில், டயர் சூடாகுமுன் பார்க்கிறேன். மதியம் சாப்பிட்டுவிட்டு ஓட்டுவதில்லை. அண்ணாச்சியை உள்ளே விட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் வண்டியை எடுக்கிறேன். பின் சீட்டில் அவருக்குப் பெல்ட் போட்டுவிடுகிறேன். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

"என்னவே மனோகரா, களவாணியக் கட்டுத மாதிரி கட்டுதீரு? எங்க ஓடிறப் போறேன்?"

"கம்முனு குந்து அண்ணாச்சி. எம் பொண்ணு லெட்டர் போட்டுகீது."

"உம்ம மவ என்னைக் கட்டிப்போடச் சொன்னாளோ?"

"உன்னியும் கட்டச் சொல்லிச்சு, என் வாயியும் கட்டச் சொல்லிச்சு."

அப்போதுதான் சிரித்தார். டயாலிசிஸ் நாளில் அவர் சிரிப்பது அபூர்வம். வீடு திரும்பும்போது கண்ணைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. தலையை ஜன்னலில் சாய்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடி வருவார். மூச்சு இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன்.

கத்திரி தொடங்கிவிட்டது. எண்ணூரிலிருந்து டோல்கேட் வரை டிரைலர் வரிசை நகர்வதே இல்லை. டிரைவர்கள் வண்டிக்கு அடியில் நிழலில் துண்டு விரித்துப் படுத்திருக்கிறார்கள். ரோடு தூரத்தில் தண்ணீர் தேங்கிய மாதிரி பளபளக்கிறது, கிட்டே போனால் ஒன்றும் இல்லை. எல்லோர் முகத்திலும் அலுப்பு. நானும் அலுத்துத்தான் வருகிறேன். இருந்தாலும் மெதுவாக ஓட்டுகிறேன். என்ஜின் சூடேறினால் ஓரமாக நிறுத்தி, தானாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடுவதில்லை. படகில் இருந்த இத்தனை வருஷத்தில் ஒரு ஆளைக்கூட நான் கடலில் விட்டுவிட்டு வந்ததில்லை. நீ பயப்படாதே.

நைனா



சேலம்
11 மே

நைனா,

பெல்ட் போட்டுவிட்டதற்கு நன்றி. டயருக்கும் நன்றி. அதற்கு மேல் எழுத எனக்கு இன்று சக்தி இல்லை, ஆனால் எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

எங்களிடம் வருகிற எல்லோரும் ஜாக்கிரதையாக ஓட்டியவர்கள்தான். ஒருவர்கூட 'நான் கவனிக்காமல் ஓட்டினேன்' என்று சொன்னதில்லை. இந்த வாரம் ஓய்வுபெற்ற அரசு பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். வாழ்க்கை முழுக்க ஒரு மோதல்கூட இல்லாமல் ஓட்டியவர். சொந்தக் காரில் போகும்போது குறுக்கே ஒரு நாய் வந்திருக்கிறது. கால் தானாக பஸ் பிரேக்கைத் தேடிப் போய் அழுத்தியது. பஸ்ஸில் பிரேக் இருக்கும் இடமும் உயரமும் வேறு. அழுத்தியது ஆக்சிலேட்டர். அவர் தப்பு என்று சொல்ல முடியுமா? ஆனால் புளியமரம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

மெதுவாகப் போவது, டயர், காற்று இதெல்லாம் யோசிக்க நேரம் இருக்கும்போது செய்கிற வேலை. யோசிக்க நேரமே இல்லாத ஒரு நொடி வரும். அப்போது கை தானாக எதைச் செய்யும்? உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அதற்குத்தான் பயப்படுகிறேன். உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை.

இந்த வருஷ லீவுக்கு வீட்டுக்கு வரலாம் என்று இருந்தேன். நீங்கள் அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருக்கும்வரை வரமாட்டேன். ஆஸ்பத்திரியில் பார்ப்பதை வீட்டு வாசலிலும் எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

நர்மதா



காத்திவாக்கம்
17 மே

நர்மதா,

முதலில் இதைப் படி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணாச்சி நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். டாக்டர் பார்த்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை, உன் கடிதம் வருவதற்கு முன்பு நடந்தது. ராயபுரம் போய்க்கொண்டிருந்தோம். எதிர்ப் பக்கச் சாலை முழுக்க டிரைலர் நின்றது. பொறுமையில்லாத ஒரு மினி லாரிக்காரன் நடுத் தடுப்பு உடைந்த இடத்தில் புகுந்து எங்கள் பக்கத்தில் எதிரே வந்துவிட்டான். நேர் எதிரே. எனக்கு இடது பக்கம் கடலோரத்து மண் முழுசாகக் காலியாகக் கிடந்தது. நான்கு கார் நிற்கலாம். நான் ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினேன். அவன் சரியாகத் தன் இடது பக்கம் திருப்பினான். அதுதான் என் வலது பக்கம். இரண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போனோம். பிரேக் பிடித்தபிறகும் கொஞ்சம் மோதியது. ஒரு விளக்கு உடைந்தது.

அந்தப் பையன் இறங்கி வந்து கத்தினான்.

"யோவ் பெர்சு, வூட்ல சொல்ட்டு வந்தியா? நான்தான் ராங்குல வரேன், ஒத்துக்கிறேன். லெப்ட்ல அம்மாம் பெரிய எடம் கீது. இன்னாத்துக்குய்யா என் மேலயே ஏறி வர்ற?"

நான் தூங்கவில்லை. கண் கூசவில்லை. வேகமாகவும் போகவில்லை. அண்ணாச்சிதான் பின்னாலிருந்து பேசினார். "தம்பி, சண்டையப் பொறவு வச்சிக்கிடலாம். எனக்கு ரத்தம் சுத்தம் பண்ணுத நேரமாச்சு."

ஏன் வலது பக்கம் திருப்பினேன் என்று மறுநாள் முழுக்க யோசித்தேன். சாயந்தரம் முகத்துவாரத்துப் பக்கம் போய் உட்கார்ந்தேன். தடை இல்லாத சின்ன ஃபைபர் படகு இரண்டு நேருக்கு நேர் வந்தன. ஒன்று உள்ளே வருகிறது, ஒன்று வெளியே போகிறது. இரண்டும் அதனதன் சோத்தாங்கைப் பக்கம், வலது பக்கம், ஒதுங்கிப் போயின. யாரும் யாருக்கும் கை காட்டவில்லை. கடலில் அதுதான் முறை. சின்னப் படகானாலும் பெரிய கப்பலானாலும் நேர் எதிரே வந்தால் சோத்தாங்கைப் பக்கம். என் அப்பா எனக்கு அடித்துக் கற்றுக்கொடுத்தது. மறுநாள் உன் கடிதம் வந்தது. கை எதைச் செய்யும் என்று கேட்டிருந்தாய். இப்போது தெரியும்.

சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை அண்ணாச்சி போயாகவேண்டுமே. பக்கத்து வீட்டு உதயாவைக் கேட்கலாம் என்று போனேன். விசைப்படகு டிரைவர்தான். தடைக்காலத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறான். இங்கே ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் இந்த இரண்டு மாதமும் அதைத்தான் செய்கிறார்கள். சாவி கொடுப்பதற்கு முன் சும்மா ஒன்று கேட்டேன்.

"டேய் உதயா, எதிர்ல டக்குன்னு ஒரு வண்டி வந்துட்சின்னு வெச்சிக்கோ. எந்தப் பக்கம் ஒடிப்ப?"

சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "சோத்தாங்கைப் பக்கம்."

சொன்னபிறகுதான் அவனுக்கே உறைத்தது. வாயில் போட்ட சோறு அப்படியே நின்றது. நான் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பிறகு இந்தத் தெருவில் யாரைக் கேட்பது? எல்லோரும் கடலில் வளர்ந்த கைகள்.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி ஆட்டோவில் போனார், நானும் கூடப் போனேன். போகும்போது புழுதி. வரும்போது அனல். திருவொற்றியூரில் இறங்கி ரோட்டோரம் வாந்தி எடுத்தார். வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்து, "வே, இனிமே நான் போவல. சாவுதது வீட்லயே சாவுதேன்" என்றார். ஜானட் அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நீ கேட்டபடி ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். சந்தோஷமாக எழுத வேண்டிய செய்தி, ஆனால் கை வரவில்லை.

நைனா



சேலம்
22 மே

நைனா,

உங்கள் கடிதத்தை வார்டிலேயே நின்றபடி படித்தேன். நீங்கள் ஓட்டக்கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் யார் இருக்கிறார் என்று நான் நினைக்கவே இல்லை.

அண்ணாச்சியை நிறுத்த விடாதீர்கள். இது வேண்டும்போது போகலாம், வேண்டாதபோது விடலாம் என்கிற சிகிச்சை இல்லை. முதலில் கால் வீங்கும், பிறகு படுத்தால் மூச்சு முட்டும், அதற்குள் இதயம் நின்றாலும் நிற்கும். வெயிலுக்கு நல்லது என்று இளநீரோ மாம்பழமோ யாராவது கொடுத்தால் பிடுங்கி வைத்துவிடுங்கள். அதில் இருக்கும் பொட்டாசியம் அவர் உடம்புக்கு விஷம். தாகத்துக்கு ஒரு ஐஸ் துண்டு வாயில் போடச் சொல்லுங்கள். இதை ஜானட் அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நேற்று முழுக்க யோசித்தேன். கடலில் வளர்ந்த கை வேண்டாம் என்றால், நம் ஊரில் படகே ஏறாதவர்கள் யார்? பெண்கள்தான், நைனா. ஒரு பெண்ணையும் நீங்கள் படகில் ஏற்றியதில்லை. அம்மா ஒரே ஒரு முறை ஆசைப்பட்டுக் கேட்டபோதுகூட ஏற்றவில்லை. நீலா அத்தை காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு மாத்தூர் வரைக்கும் எத்தனை வருஷமாக அந்த மூன்று சக்கர மினிடோர் வண்டியை ஓட்டுகிறார்கள்? கார் ஓட்ட லைசென்ஸும் இருக்கிறது. தடைக்காலத்தில் மீன் வராது, அத்தை சும்மாதானே இருப்பார்கள்.

உங்கள் தங்கையிடம் போய்க் கேட்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். அந்த வண்டியை அத்தை வாங்கியபோது நீங்கள் என்ன பேசினீர்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. அத்தைக்கும் இருக்கும். இருந்தாலும் போங்கள்.

நர்மதா



காத்திவாக்கம்
8 ஜூன்

அன்புள்ள நர்மதா,

உன் கடிதம் வந்த அன்றே நீலா வீட்டுக்குப் போனேன். அதற்குள் அண்ணாச்சிக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டது. அதனால் வெட்கப்பட எனக்கு நேரம் இல்லை.

நீலா வாசலில் மினிடோரைக் கழுவிக்கொண்டிருந்தாள். மீனே ஏற்றாத வண்டியை ஏன் கழுவுகிறாள் என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயை நிறுத்தவில்லை.

"இன்னா அண்ணாத்தே, வழி தவறி வந்துட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மினி லாரிக்காரன் கேட்டதையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுக் குழாயைக் கீழே போட்டாள்.

"பொம்பள காலு பட்டா வலையில மீனு வுழாதுன்னு எங்கள கரையிலயே நிக்க வெச்சீங்கோ. இப்ப கடலுக்குப் போவாத ஆளுதான் வோணும்னு வந்து நிக்கற."

"ஆமா."

"என் வண்டிய மொத மொதல்ல எடுத்துகினு வந்தப்போ இன்னா சொன்ன?"

சொன்னேன். அதைக் கடிதத்தில் எழுத எனக்கு இஷ்டமில்லை. அவள் என்னையே மறுபடி சொல்லவைத்தாள், அது போதும். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சாவி எங்க?" என்றாள்.

அன்றைக்கே போனோம். ஆஸ்பத்திரியில் அண்ணாச்சியை உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் தொடங்கினார், முடிக்கவில்லை. அதிலிருந்து வாரம் தவறாமல் நீலாதான் ஓட்டுகிறாள். படகுகள் கடலுக்குப் போனபிறகும் ஓட்டுவாளாம். மீன் வேலை விடியற்காலையில் முடிந்துவிடும், அண்ணாச்சிக்கு மதியம்தானே என்கிறாள். அவருக்கும் அவளுக்கும் ஓயாத பேச்சு.

"ஏட்டி நீலா, மெதுவாப் போ. உள்ள இருக்கது மீனு இல்ல."

"மீனுன்னா ஐஸு போட்டாப் போதும் அண்ணாச்சி, பேசாது. நீ இன்னா, ஐஸும் கேக்கற, பேசவும் பேசற."

ஐஸ் துண்டு ஒரு டப்பாவில் எடுத்துப் போகிறோம், நீ சொன்னபடி.

நான் முன் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். பெல்ட் போட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் சும்மா உட்கார்ந்து போவதுதான் பழக்கமில்லை. அவள் பிரேக் பிடிக்குமுன் என் கால் தரையை அழுத்துகிறது. அவள் பார்த்துவிட்டு, "கீழ ஓட்ட போட்டுடாத அண்ணாத்தே, உன் காருதான்" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை அதே இடத்தில், தடுப்பு உடைந்த இடத்தில், ஒரு டேங்கர் அதே மாதிரி எங்கள் எதிரே புகுந்து வந்தது. நீலா பேச்சைக்கூட நிறுத்தவில்லை. இடது பக்கம் திருப்பி மண்ணில் இறக்கினாள். டேங்கர் போனது. புழுதி அடங்கியது. மறுபடி ரோட்டில் ஏற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள். அண்ணாச்சி பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றுமே தெரியாது.

நான் என் கையைப் பார்த்தேன். மடியில் இரண்டு கையும் ஒன்றாகச் சேர்ந்து, எதையோ பிடித்திருப்பதுபோல விரல் மடங்கி, சோத்தாங்கைப் பக்கம் முழுசாகத் திரும்பியிருந்தன. எப்போது திரும்பின என்று எனக்குத் தெரியவில்லை. இடது என்று இத்தனை நாள் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். கைக்கு அது போய்ச் சேரவில்லை.

நீலாவிடம் சொல்லவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ராயபுரம் வரை உட்கார்ந்திருந்தேன்.

இப்படிக்கு,
நைனா